பதினாறு மணித்தியாலமும் ஒரு வகுப்பறையும்

லண்டன் தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் நிர்வாகசபையினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும்வரை தாய்மார் நிற்கிற அந்த நீள விறாந்தை உங்களுக்குத் தெரியும். பதிவுக் கட்டணம் வாங்குகிற மேசையும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அங்கே என்ன கதை நடக்கிறது என்று நீங்கள் காது கொடுத்திருப்பீர்களோ தெரியாது. சாறிக் கடையின் மலிவு விற்பனை, கிராமர் ஸ்கூல் பரீட்சை, யாருடைய மகளுக்கு எந்தக் கம்பஸ் கிடைத்தது, இதெல்லாம் ஒரு கால் மணித்தியாலம். மிச்ச நேரம் முழுக்க அரசு தருகிற உதவிப்பணத்தைப் பற்றிய ஒரே கதைதான்: "வேலைக்குப் போனா காசை வெட்டிப்போடுவாங்கள்."

அண்மையில் ஒரு தங்கச்சி என்னிடம் வந்தாள். ஒரு கடையில் கிழமைக்கு 20 மணித்தியால வேலை தருகிறார்களாம். "இருவது வேண்டாம், பதினாறு காணும் எண்டு சொல்லிப்போட்டன் அக்கா," என்றாள். ஏன் பதினாறு என்று கேட்டேன். "அதுக்கு மேல போனா டாக்ஸ் கிரெடிட் நிண்டுபோகுமாம்."

டாக்ஸ் கிரெடிட் என்று குறைந்த வருமான வீடுகளுக்கு அரசு தந்த அந்த உதவிப்பணம் நின்று போய்விட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு நாடு முழுவதற்கும் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை வாழ்க்கையில் ஒரு சதம்கூட டாக்ஸ் கிரெடிட் வாங்கியதில்லை. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்கு வருவது, அதன் இடத்துக்கு வந்த மாதாந்த உதவிப்பணமான யூனிவர்சல் கிரெடிட். அதில் பதினாறு மணித்தியாலச் சட்டம் என்று ஒன்று கிடையாது. செத்துப்போன ஒரு சட்டத்துக்குப் பயந்து, கிழமைக்கு நாலு மணித்தியாலத்தை அவள் விட்டுக்கொடுத்திருக்கிறாள். விறாந்தையிலேயே கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லா வெட்டும் போக, மாதம் 90 பவுண்டுக்கு மேல். அவள் நம்பவில்லை. "உங்களுக்கு வடிவாத் தெரியுமோ?" என்று இரண்டு தடவை கேட்டாள். அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுதவைத்தது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பேரோல், அதாவது சம்பளக் கணக்குப் பார்க்கிறவள். சின்னக் கடைகள், பெற்றோல் நிலையங்கள், இரண்டு மூன்று நேர்சரிகள், இவற்றின் பேஸ்லிப் எல்லாம் என் கையால்தான் போகிறது. அதற்கு முன்னர் நானும் கடையில் பதினாறு மணித்தியாலம் நின்றவள்தான்.

இந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் சனம் ஏன் அதை விடமாட்டேன் என்கிறது என்று விளங்கும். அது ஒரு காலத்தில் உண்மையாகவே பெரிய எண். கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்குக் கீழே வேலை செய்தால் இன்கம் சப்போர்ட் என்ற வருமான உதவி கேட்கலாம்; 16ஐத் தொட்டால் அது நின்றுவிடும். அதே 16ஐத் தொட்டால் மற்றப் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கான வேர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் கதவு திறக்கும். ஆகவே ஒரு வீட்டில் "பதினாறைத் தாண்டாதே" என்றும் அடுத்த வீட்டில் "பதினாறுக்குக் குறையாதே" என்றும் புத்தி சொன்னார்கள். இரண்டு வீடும் சரியாகத்தான் சொன்னது. இரண்டு புத்தியும் விறாந்தைக்கு வந்து கலந்தபோதுதான் கூழாகிவிட்டது.

2003 ஏப்ரலில், கோர்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது, வேர்க்கிங் டாக்ஸ் கிரெடிட்டும் சைல்ட் டாக்ஸ் கிரெடிட்டும் வந்தன. நான் வேலைக்குப் போனது 2009 ஒக்டோபரில். மணித்தியாலத்துக்கு 5 பவுண்ட் 80 பென்ஸ், கிழமைக்கு 16 மணித்தியாலம், கையில் 92 பவுண்ட் 80. முதல் நாளே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டேன், வேலை கிடைத்திருக்கிறது என்று. ஒன்றும் வெட்டவில்லை. மாதம் போகிறது, மாதம் போகிறது, டாக்ஸ் கிரெடிட் அப்படியே வருகிறது. நான் விறாந்தையில் பெரிய மனுசியாகி, "ஒருத்தரும் வெட்டமாட்டினம், பயப்பிடாமல் போங்கோ," என்று நாலு பேருக்குச் சொல்லியும்விட்டேன். 2010இல் கொஞ்சம் குறைந்தது. 2011இல் நன்றாக விழுந்தது. ஒரு பிழையும் நடக்கவில்லை, ஒருவரும் ஏமாற்றவில்லை. போன வருச வருமானத்தை வைத்து இந்த வருசக் காசைத் தருகிற முறை அது. நடுவில் வருமானம் கூடினாலும் அன்றைக்கு 25,000 பவுண்ட் வரை கண்டுகொள்ள மாட்டார்கள். வேலை செய்த வருசம் வெயில், மழை அடுத்த வருசமும் அதற்கடுத்த வருசமும். நான் புத்தி சொன்ன நாலு பேரில் ஒருத்தி இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

பிறகு அந்த 25,000ஐ 10,000 ஆக்கி, 5,000 ஆக்கி, 2016இல் 2,500 ஆக்கினார்கள். 2012 ஏப்ரலில் இன்னொரு அடி. பிள்ளைகள் உள்ள தம்பதி, இருவரும் சேர்த்துக் கிழமைக்கு 24 மணித்தியாலம் வேலை செய்யவேண்டும், அதில் ஒருவராவது 16 செய்யவேண்டும் என்றார்கள். கணவன் மட்டும் 16, 20 என்று செய்துகொண்டிருந்த வீடுகள் வருசத்துக்கு 3,870 பவுண்ட் வரை இழந்தன. அந்தக் காலத்தில்தான் "உன்ர மனுசிக்கும் ஒரு எட்டு மணித்தியாலம் பேர் போட்டுவிடட்டோ?" என்று முதலாளிமார் கேட்கிற பழக்கம் எங்கள் கடைகளில் பரவியது. பெயர் மட்டும் போட்டவர்களும் உண்டு, உண்மையாகவே நின்று வேலை செய்தவர்களும் உண்டு. அதை விடுவோம்.

சரி, இப்போது என்ன நடக்கிறது?

யூனிவர்சல் கிரெடிட்டில் மணித்தியாலம் எண்ணுவதில்லை, கைக்கு வந்த சம்பளத்தைத்தான் எண்ணுவார்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில், வாடகைக்கும் உதவி வாங்கினால், மாதம் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள்; வாடகை உதவி இல்லையென்றால் 684. அதற்கு மேல் உழைக்கிற ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள். இதுவும் கீழே வருகிற எண்களும் 2025 ஏப்ரல் முதல் ஒரு வருசத்துக்கான கணக்கு. ஒவ்வொரு ஏப்ரலும் எண் மாறும். அந்த 55 முன்னர் 65ஆகவும் 63ஆகவும் இருந்தது, 2021 நவம்பரில்தான் இறங்கியது.

இங்கே ஒரு விசயம் கவனிக்கவேண்டும். அந்த 411 வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்றல்ல. கணவன் முழுநேரம் வேலை செய்கிற வீட்டில் அது அவருடைய சம்பளத்திலேயே முடிந்துவிடும். ஆகவே மனைவி வேலைக்குப் போனால் அவளுடைய முதல் பவுண்டிலிருந்தே 55 பென்ஸ் போகும். 16 மணித்தியாலம், மணிக்கு ஆகக்குறைந்த சம்பளமான 12 பவுண்ட் 21 பென்ஸ், மாதம் 846 பவுண்ட் 56. யூனிவர்சல் கிரெடிட்டில் குறைவது 465 பவுண்ட் 61. வீட்டுக்கு மிஞ்சுவது 380 பவுண்ட் 95. மணிக்கணக்கில் பார்த்தால் 5 பவுண்ட் 49 பென்ஸ். நாலு நாள் பஸ்ஸில் போய்வர, போக 1.75 வர 1.75, மாதம் 60 பவுண்ட் போகும். ஆகக் கடைசியில் 320.

320 பவுண்ட் பெரிய காசா? எனக்கு 55 பென்ஸ் வெட்டு அநியாயமாகத்தான் படுகிறது. வருசம் 125,140 பவுண்டுக்கு மேல் உழைப்பவர்களுக்கே உச்ச வருமான வரி 45 வீதம்தான், தட்டில் மரக்கறி அடுக்குகிற பெண்ணுக்கு 55. ஆனால் விறாந்தையில் சொல்வது "முழுக்க வெட்டிப்போடுவாங்கள்" என்று. முழுக்க வெட்டவில்லை. பாதிக்குக் கொஞ்சம் குறைய மிஞ்சுகிறது. அந்த 320க்குப் பெறுமதி உண்டா இல்லையா என்பதை அந்த வீடு முடிவு செய்யட்டும். சிலர் வேண்டாம் என்பார்கள், வீட்டில் கைக்குழந்தையும் நோயாளி மாமியும் இருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கணக்கைப் பார்த்தபிறகு சொல்லட்டும் என்பதுதான் என் கதை.

தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்க்குக் கணக்கே வேறு. அதே 846இல் அவளுக்கு முதல் 411 முழுதாக நிற்கும். மிச்சத்தில் 239 பவுண்ட் 56 போகும். கையில் 607. இதே விறாந்தையில் நிற்கிற இரண்டு பேருக்கு, ஒரே கடையில், ஒரே வேலைக்கு 380ம் 607ம். ஒருத்தி மற்றவளுக்குப் புத்தி சொன்னால் அது பிழைக்காமல் என்ன செய்யும்?

அதோடு முடியவில்லை. பிள்ளையைப் பதிவு செய்த நேர்சரியிலோ, தன் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற சைல்ட்மைண்டரிடமோ விட்டால், இருவரும் வேலை செய்கிற பட்சத்தில், செலவில் 85 வீதம் வரை திரும்பக் கேட்கலாம். ஒரு பிள்ளைக்கு மாதம் 1,031 பவுண்ட் வரை. டாக்ஸ் கிரெடிட்டில் அது 70 வீதம், அதுவும் இருவரும் 16 மணித்தியாலம் செய்தால்தான். இப்போது மணித்தியாலக் கட்டாயம் இல்லை. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் முதல் மாதக் காசை முன்கூட்டியே கேட்கலாம் என்று 2023 ஜூனில் மாற்றினார்கள். அம்மம்மா பார்த்தால் ஒரு பென்ஸும் இல்லை, அது வேறு கதை. பாடசாலை இலவச மதிய உணவுக்கு வீட்டுச் சம்பளம் வருசம் 7,400 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று ஒரு கோடு இருந்தது. அதற்குப் பயந்தே பலர் வேலையைக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிற எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது உண்டு என்று அரசு 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. உள்ளூராட்சி வரியான கவுன்சில் டாக்ஸின் தள்ளுபடி மட்டும் ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஹரோவில் இருக்கிறவர் நியூஹாமில் இருக்கிற தமக்கையிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

சேமிப்பையும் சொல்லவேண்டும். டாக்ஸ் கிரெடிட்டில் வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்று கணக்கெடுக்கவில்லை. யூனிவர்சல் கிரெடிட்டில் 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் பொதுவாக ஒன்றும் இல்லை. (பாருங்கள், இங்கேயும் ஒரு பதினாறு.) சீட்டுக் கழித்து எடுத்த காசை வீடு வாங்கவென்று கணக்கில் போட்டுவைத்திருக்கிற சனம் இதைத் தெரிந்திருக்கவேண்டும். விசாவில் பொது நிதி எடுக்கக்கூடாது என்று எழுதியிருப்பவர்கள் யாரிடமும் கேட்காமல் ஒரு விண்ணப்பமும் போடக்கூடாது. இதையும் சனிக்கிழமை யாரோ ஒருவர் சொன்னார் என்று செய்கிறார்கள்.

இப்போது உங்களில் சிலருக்குச் சங்கடமான இடத்துக்கு வருகிறேன். நிர்வாகசபையில் கடை முதலாளிமார் இருக்கிறீர்கள். ஆண்டு விழாப் பதாகையிலும் பரிசளிப்பு மலரிலும் முழுப் பக்க விளம்பரம் தருகிறவர்களும் அவர்கள்தான். அவர்கள் இல்லாமல் பள்ளிக்கூடம் ஓடாது என்பதும் உண்மை. ஆனால் வேலைக்கு வருகிற பெண்ணிடம், "பத்து மணித்தியாலம் கணக்கில போடுவம், மிச்சத்தைக் கையில தாறன், உனக்குத்தான் நல்லது, பெனிபிட் வெட்டமாட்டாங்கள்," என்று சொல்கிற பழக்கத்தை நான் பேரோல் மேசையிலிருந்து பார்க்கிறேன்.

அவளுக்கு என்ன நல்லது? பத்து மணித்தியாலம் என்றால் கிழமைக்கு 122 பவுண்ட் 10. மகப்பேற்றுச் சம்பளத்துக்குச் சராசரியாகக் கிழமைக்கு 125 பவுண்ட் வேண்டும். மூன்று பவுண்ட் குறைச்சலில் 39 கிழமைச் சம்பளம் போய்விடும். 16 மணித்தியாலம் முறையாகப் போட்டால் வருசத்துக்கு 5.6 கிழமை சம்பளத்தோடு லீவு. அது மட்டும் 1,094 பவுண்ட். கைக்காசு வாங்குகிறவளுக்கு யார் லீவு தருகிறார்கள்? தைப்பொங்கலுக்குக் கடை பூட்டினால் அந்த நாள் சம்பளமும் இல்லை. சொல்லாமல் எடுத்த காசு ஒரு நாள் பிடிபட்டால் கடிதம் அவளுடைய பெயருக்குத்தான் முதலில் வரும். முதலாளிக்கு மிஞ்சுவதை மட்டும் நான் சொல்லத் தேவையில்லை, அவருக்கே தெரியும்.

நேர்மையாகக் கணக்கில் போடுகிற முதலாளிமாருக்கும் ஒரு வேண்டுகோள். கிழமைச் சம்பளத்தை மாதச் சம்பளமாக்குங்கள். யூனிவர்சல் கிரெடிட் மாதத்துக்கு மாதம் பார்க்கிறது. கிழமைச் சம்பளக்காரிக்குச் சில மாதங்களில் நாலு சம்பளம், சில மாதங்களில் ஐந்து. ஐந்து வருகிற மாதத்தில் யூனிவர்சல் கிரெடிட் 107 பவுண்ட் கூடுதலாகக் குறையும். ஏன் என்று தெரியாமல் அவள் வேலையையே விட்டுவிடுகிறாள், நான் பார்த்திருக்கிறேன். தனித்தாய் என்றால் இன்னும் மோசம். லண்டனில் பிள்ளை உள்ள வீட்டுக்கு மாதம் 2,110 பவுண்டுக்கு மேல் பெனிபிட் தரமாட்டோம் என்று ஓர் உச்சவரம்பு இருக்கிறது. மாதம் 846 பவுண்ட் உழைத்தால் அந்த வரம்பு பொருந்தாது. அந்த 846 என்னவென்றால், 16 மணித்தியாலத்தை ஆகக்குறைந்த சம்பளத்தால் பெருக்கி வருவது. செத்த பதினாறின் ஆவி என்று இதைத்தான் சொல்லவேண்டும். அதே 16 மணித்தியாலத்தைக் கிழமைச் சம்பளமாகக் கொடுத்தால், நாலு சம்பள மாதத்தில் அவளுடைய உழைப்பு 781 பவுண்ட்தான். வரம்புக்குள் விழுந்துவிடுவாள். ஒரு மணித்தியாலமும் குறையவில்லை, கலண்டர் மட்டும் அப்படி விழுந்தது. மாதச் சம்பளமாக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. சம்பள விபரத்தைச் சம்பள நாளுக்குள் வரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு நாள் பிந்தினாலும் ஒரே மாதத்தில் இரண்டு சம்பளமாக அவள் தலையில் விழலாம். இது எங்களுக்கு ஐந்து நிமிட வேலை.

இனி நான் கேட்பது. ஒரு வகுப்பறை. வருசத்தில் மூன்று சனிக்கிழமை: பள்ளிக்கூடம் தொடங்குகிற செப்டம்பர், தை மாதம், எண்கள் மாறியபின் ஏப்ரல் விடுமுறை முடிந்த முதல் கிழமை. மேடை வேண்டாம், மங்கள விளக்கு வேண்டாம், பொன்னாடை தயவுசெய்து வேண்டாம். இலவச ஆலோசனை தருகிற சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பிலிருந்தோ கவுன்சிலிலிருந்தோ பெனிபிட் தெரிந்த ஒருவரை அழைக்கலாம். முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்போம். அரசின் இணையத்தளமே காட்டுகிற என்டைட்டில்ட்டு (entitledto), டர்ன்டுஅஸ் (Turn2us) கணிப்பான்கள் இருக்கின்றன, இலவசம். வேலைக்குப் போகமுதலும் போனபிறகும் என்று இரண்டு தடவை எண்களைப் போட்டால் வித்தியாசம் திரையில் தெரியும். ஆங்கிலம்தான் இடிக்கிறது. பக்கத்தில் இருந்து தமிழில் வாசித்துச் சொல்ல ஜிசிஎஸ்இ, ஏ லெவல் படிக்கிற உங்கள் பழைய மாணவர்கள் போதும். மற்றவர்களுக்குக் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கதைக்கவேண்டும், சம்பள விசயம் என்றபடியால். விறாந்தையில் அதைச் செய்ய முடியாது என்பதால்தான் அறை கேட்கிறேன்.

இதைப் போன வருசம் ஒரு நிர்வாகசபை உறுப்பினரிடம் வாய்மொழியாகக் கேட்டேன். "இது தமிழ் படிப்பிக்கிற இடம், தங்கச்சி. பெனிபிட் கதையெல்லாம் இங்க சரிவராது, வெளியில தெரிஞ்சா மானக்கேடு," என்றார். அவருடைய மனம் எனக்கு விளங்குகிறது. உழைத்துச் சாப்பிடுகிற சனம் என்ற பெயரை நாங்கள் கஷ்டப்பட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் ஐயா, யூனிவர்சல் கிரெடிட் வாங்குகிற வீடுகளில் கணிசமானவை வேலை செய்கிற வீடுகள். அந்த விறாந்தையில் நிற்கிறவர்கள் வேலைக்குப் போகலாமா என்றுதான் கேட்கிறார்கள், போகாமல் இருக்க வழி கேட்கவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் போட்டோகொப்பி மெஷினுக்குப் பக்கத்து அறை பதினொரு மணிக்குப் பிறகு வெறுமனேதான் கிடக்கிறது; பாலர் வகுப்பு அதற்கு முன்னரே முடிந்துவிடும். கெயார்டேக்கரிடம் கேட்டுப் பார்த்தேன், ஹீட்டரைப் போடாவிட்டால் தனி வாடகை இல்லையாம். மடிக்கணினியும் ஒரு நீள வயரும் நான் கொண்டுவருவேன். வரும் செப்டம்பரில் அந்த 20 மணித்தியாலத் தங்கச்சியைத்தான் முதலில் இருத்தப்போகிறேன். கடைக்காரர் இன்னும் அந்த நாலு மணித்தியாலத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னாள். சாவி யாரிடம் வாங்குவது என்று மட்டும் அறியத்தாருங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய்